ஆணி என்றால் ஆணிதான்

1

இந்தக் கதை எனக்கு, பெரியபிள்ளையான ஒரு பெண்ணின் சாமத்திய வீட்டில், சாப்பாட்டு வரிசையில் கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, டொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு விருந்து மண்டபம். எனக்கு முன்னால் நின்றவர் தனக்கு முன்னால் நின்றவரின் காதுக்குள், "உவர் அருள்நாயகம் கராஜுக்குள்ளை ஆணி அடிக்கிறாராம்" என்றார். மற்றவர் கண்ணைச் சிமிட்டி, "ஓமோம், நானும் கேள்விப்பட்டனான்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆகவே எல்லாம் விளங்கியவனைப் போலத் தலையாட்டினேன். எனக்குப் பின்னால் நின்றவர் நான் ஆட்டியதைப் பார்த்துத் தானும் ஆட்டினார். இப்படி ஒரு மண்டபமே தலையாட்டி முடிந்தால், அதை எங்கள் சனம் 'நம்பிக்கையான இடத்திலிருந்து வந்த கதை' என்று சொல்லும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது."

(வெட்டிவிட்டேன். கனடாவில் எழுதப்படும் தமிழ்க் கதைகளில் பாதிக்கு இதுதான் முதல் வரி. மற்றப் பாதிக்கு இது இரண்டாவது வரி. தவிரவும், இந்தக் கதையின் சிக்கலே பனி கொட்டாததுதான். ஏரி உறைந்து, மேலே ஒரு தூளும் விழாமல், கண்ணாடி மாதிரி வெறுமையாகக் கிடக்க வேண்டும். அப்போதுதான் ஆணிக்கு வேலை.)

பிறகு இப்படி:

"பேனாட்டின் உள்ளங்கையில் அந்த ஆணி—"

(இதுவும் வேண்டாம். பேனாட் கத்தோலிக்கன். ஆணி, உள்ளங்கை, கத்தோலிக்கன் மூன்றையும் ஒரே வரியில் கண்டால் எனக்குத் தெரிந்த விமர்சகர் ஒருவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கட்டுரை எழுதப் போய்விடுவார்.)

ஆகவே இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்தக் கதையில் ஆணி எதற்கும் குறியீடு அல்ல. ஆணி என்றால் ஆணிதான்.

இவ்வளவு அழுத்திச் சொல்கிறானே, உள்ளே ஏதோ இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அது நல்லதுதான். பேனாட்டுக்கும் அப்படித்தான் தோன்றியது.

2

அருள்நாயகத்தை முதலில் அறிமுகப்படுத்தாவிட்டால் அவர் கோபிப்பார். எந்த மேடையிலும் அவரைத்தான் முதலில் அறிமுகப்படுத்த வேண்டும்.

பிறம்ரனில் வாகன உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் அவர் சுப்பர்வைசர். மோர்னிங்சைட்டில் வீடு. தூயதமிழ் காப்புப் பேரவையின் தலைவர். 'சொற்காவலர்' என்ற பட்டம் உண்டு. அதைக் கொடுத்தது பேரவை. கொடுக்கலாம் என்று முன்மொழிந்தது தலைவர்.

களஞ்சியத்தில் கிழமை முழுக்க ஆங்கிலத்தில் கத்துவார். வீட்டு வாசற்படியில் கால் வைத்ததும் ஓர் ஆங்கிலச் சொல் வாயில் வராது. மற்றவர்கள் 'ஸ்நோமொபீல்' என்பதை அவர் 'பனியூர்தி' என்பார். மற்றவர்கள் 'கராஜ்' என்பது அவருக்கு 'ஊர்திக்கூடம்'. டொறொன்ரோவுக்கு வடக்கே கிடக்கும் பெரிய நீர்ப்பரப்பான சிம்கோவை மற்றவர்கள் 'லேக்' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இருந்ததெல்லாம் குளம். ஆனால் மறுகரை தெரியாத ஒன்றைக் குளம் என்று கூப்பிட அவருக்கு மனம் வரவில்லை. புத்தகத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துத் தூசி தட்டி, 'ஏரி' என்றார். மோர்னிங்சைட்டில் அந்தச் சொல்லை வாயால் சொன்ன ஒரே தமிழர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

(தயவுசெய்து இந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள். கதை இதில்தான் வழுக்கி விழப்போகிறது.)

அவருடைய களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள் குளிர்காலத்தில் சிம்கோவுக்கு ஸ்நோமொபீல் ஓடப் போவார்கள். சுப்பர்வைசர் சும்மா இருக்கலாமா? அவர்களில் ஒருவனிடமே பழைய வண்டி ஒன்றை வாங்கினார். முதல் நாள் ஏரி வெறும் ஐஸாகக் கிடந்தது. அருள்நாயகம் தொப்பியைச் சரிசெய்து, நெஞ்சை நிமிர்த்தி, விசையை அழுத்தினார். கீழே றப்பர் பட்டி சுற்றியது. வண்டி முன்னே போகவில்லை. மெதுவாக, மரியாதையாக, வந்த பக்கத்துக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. ஃபோர்க்லிஃப்ட்காரர்கள் கைதட்டினார்கள். அருள்நாயகம், திட்டமிட்டுத்தான் திரும்பியவரைப் போல, அவர்களுக்குக் கை காட்டினார்.

"உனக்கு ஸ்ரட் வேணும்" என்றான் ஒருவன்.

விஷயம் இவ்வளவுதான். வண்டியின் கீழே ஓடுவது அகலமான றப்பர் பட்டி. பனித்தூளில் அதன் மேடுகள் பிடிக்கும். வெறும் ஐஸில் பிடிக்காது. பட்டியில் துளை போட்டு, உட்பக்கத்திலிருந்து கூரான ஆணியைத் தள்ளி, வெளிப்பக்கம் ஒரு சின்னத் தட்டு வைத்து, நட்டால் இறுக்க வேண்டும். ஆணி மேட்டைவிடக் கொஞ்சமே நீட்டிக்கொண்டு நிற்கலாம். கூடினால், பட்டி சுற்றும்போது வண்டியின் அடித்தகட்டை அது கிழித்துவிடும்.

கவனித்தீர்களா, இதில் சுத்தியலே கிடையாது. எதையும் அடிப்பது கிடையாது. ஆனால் ஸ்ரட்டை ஆணி என்று மொழிபெயர்த்துவிட்டால், தமிழில் அதை அடித்தே ஆக வேண்டும். மண்டபம் முழுக்க 'அடிக்கிறாராம்' என்று பரவியது அதனால்தான்.

3

இனிப் பேனாட். கதை அவனுடையது.

பேனாட் அருள்நாயகத்தின் பேஸ்மென்ற்றில் குடியிருந்தான். டோனட் கடை ஒன்றில் வேலை. மனைவி றெஜினா எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் பஃபலோவில், அகதிகளுக்கான விடுதி ஒன்றில் இருந்தாள். இரண்டு நாடுகளையும் இணைக்கும் பாலத்தில் விசாரணைக்கு ஒரு நாள் தருவார்கள். அந்த நாளில் பாலத்தைக் கடந்து வந்து கனடாவிடம் அகதி என்று சொல்ல வேண்டும். அவளுக்கும் நாள் கொடுத்திருந்தார்கள். அதுவரை விடுதியிலேயே இருக்க வேண்டும். இடையில் வெளியேறினால் இடமும் போகும், நாளும் போகும். இது சட்டப்படியான, நேரான வழி. நேராக இருந்ததால்தான் பேனாட்டால் அதை நம்ப முடியவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டுகளில் ஆட்களை எல்லை கடத்துபவரை 'ஏஜென்சி' என்பார்கள். ஏஜென்சிக்காரர் தொலைபேசியில் 'ஆள்' என்ற சொல்லைச் சொல்லவே மாட்டார். பேனாட் கொழும்பிலிருந்து புறப்பட்டபோது அவன் 'தேங்காய்'. இடையில் ஒரு நகரத்தில், பக்கத்து அறையில் ஒருவர், "தேங்காய் பழுதில்லாமல் வந்திட்டுது, ஆனா நல்லாத் தின்னுது" என்று தொலைபேசியில் சொன்னதை அவன் தன் காதால் கேட்டிருக்கிறான். தன்னைத் தேங்காய் என்று கேட்டவன், பிறகு யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே எடுத்துக்கொள்வானா?

பேஸ்மென்ற் கூரையில் வெப்பக் காற்று வரும் துவாரம் ஒன்று இருந்தது. அதன் வழியாக வெப்பம் குறைவாகவும் அருள்நாயகம் அதிகமாகவும் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் மாலை அவர் பேரவைச் செயலாளர் சண்முகநாதனோடு தொலைபேசியில் கதைத்தது இப்படி இறங்கியது:

"நூற்றுக்கு மேலை ஆணி, சண்முகநாதன். எல்லாத்தையும் ஒரேயடியா ஏத்தேலாது. ஒவ்வொண்டாத்தான்."

"..."

"சீ, ஓரத்திலை வைக்கக் கூடாது. ஓரத்திலை வைச்சாப் பிடிபடும். நடுவாலைதான் விடோணும்."

"..."

"தட்டு இல்லாமல் ஆரோ ஒருத்தன் ஏத்தினவனாம். எல்லாம் உறைபனிக்கு நடுவிலை கழண்டு விழுந்திட்டுது. திரும்பிப் பார்க்காமல் வந்திட்டானாம்."

"..."

"ஏரி இறுகட்டும். இறுகினவுடனை கடந்து காட்டுறன்."

பேனாட் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். ஆணி, ஆள். தட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் காவலுக்கு ஆள் நிற்கிற ஏற்பாடு. ஓரத்தில் வைத்தால் பிடிபடும், நடுவால் விட வேண்டும். ஏரி?

பஃபலோவின் காலடியில் கிடக்கும் பெரிய நீர்ப்பரப்புக்கு ஈரி என்று பெயர். லேக் ஈரி. துவாரத்தின் தகரக் குழாய்க்குள்ளால் வரும்போது 'ஏரி'யும் 'ஈரி'யும் ஒன்றுதான்.

தகடு கிழியாமல் ஓட நினைத்த ஒரு மனிதர், நூறு பேரை லேக் ஈரியின் ஐஸ் மேல் கடத்தும் பெரிய ஏஜென்சி ஆகிவிட்டார். பேனாட் இதை டோனட் கடையில் ஒருவனிடம் மட்டும், ஒருவருக்கும் சொல்லாதே என்று சொல்லிச் சொன்னான். மிச்சத்தை அந்தச் சாப்பாட்டு வரிசையில் நான் கேட்டேன்.

4

(இந்தப் பகுதியில் கனடியக் குடிவரவுக் கொள்கை பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். மிகவும் ஆழமாக இருந்தது. நானே இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். எடுத்துவிட்டேன்.)

5

ஞாயிற்றுக்கிழமைகளில் பேனாட் றெஜினாவுக்குத் தொலைபேசி எடுப்பான்.

"இஞ்சை ஒருத்தர் இருக்கிறார். ஆணி ஏத்திறவர்."

"என்ன ஆணி?"

"ஆணி."

"தச்சு வேலையோ?"

"சீ, போனிலை விளக்கம் கேக்காதை. ஆணி எண்டா... நீயும் ஒரு ஆணிதான்."

"நான் ஆணியோ?"

"ஓம். ஈரியாலை."



"பேனாட், உங்களுக்கு நட்டுக் கழண்டிட்டுதோ?"

பேனாட் திடுக்கிட்டான். நட்டு! அப்படியென்றால் இந்தச் சங்கேதம் பஃபலோ வரைக்கும் போய்விட்டது.

"உனக்கு ஆர் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எனக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை. கதைக்கிற கதையிலையே தெரியுது. இஞ்சை கேளுங்கோ, எனக்கு நாள் தந்திருக்கினம். நான் பாலத்தாலை வருவன். சப்பாத்துப் போட்டு, தலை வாரி இழுத்து, மனிசி மாதிரி நடந்து வருவன். ஐஸிலை வழுக்கி வாறதுக்கு நான் என்ன மீனோ?"

றெஜினாவை எனக்குப் பிடிக்கும். இந்தக் கதையில் சொல்லைச் சொல்லாகக் கேட்பவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளைச் சந்தேகிக்கவும் தொடங்கியிருக்கிறேன். இவ்வளவு தெளிவான பெண், பேனாட்டை ஏன் கட்டினாள் என்று—

(இது கதைக்குத் தேவையில்லாதது.)

6

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் பேனாட் கராஜ் வாசலில் போய் நின்றான். அருள்நாயகம் சாய்த்து வைத்த வண்டிக்கு அருகே முழங்காலில் இருந்து, பட்டியில் துளை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பேனாட், வெளியிலை நிக்கிறீர்? உள்ளை வாரும். கதவைச் சாத்தும்."

கதவைச் சாத்தச் சொன்னது பேனாட்டுக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது.

"அண்ணை, வேலை எப்பிடிப் போகுது?"

"பாதி ஆணி ஏத்தியாச்சு. மிச்சம் காத்துக் கிடக்கு."

"பாவங்கள்" என்றான் பேனாட்.

அருள்நாயகம் நிமிர்ந்து பார்த்தார். பாவம் என்று தன்னைத்தான் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார். "ஓம், முழங்கால்தான் பிடிக்குது" என்றார்.

"அண்ணை, என்ரையும் ஒண்டு இருக்கு. ஒரேயொரு ஆணி."

"உம்மட்டையோ? எங்கை கிடக்கு?"

"பஃபலோவிலை."

"அமெரிக்க ஆணியோ!" அருள்நாயகத்தின் புருவம் உயர்ந்தது. "அவங்கடை நல்ல தரமாயிருக்கும். புதுசோ?"

"நாலு வருசம், அண்ணை. கூடுதலாப் பிரிஞ்சபடிதான்—"

"பெட்டி பிரிச்சதெண்டாலும் பறவாயில்லை. துரு இல்லாட்டிச் சரி. கூனல் கீனல் இல்லையே?"

பேனாட்டுக்குச் சுருக்கென்றது. ஆனால் ஏஜென்சிக்காரர் அப்படித்தான் கதைப்பார்கள் என்பதை அவன் அனுபவித்து அறிந்தவன். "சீச்சீ. நல்ல நேர்."

"அப்ப கொண்டுவாரும். நடுவிலை ஒரு இடம் பார்த்து ஏத்திவிடுறன். ஒரு ஆணியாலை எனக்கென்ன பாரமே?"

பேனாட் சட்டைப் பையைத் தடவினான். "அண்ணை, செலவு..."

"ஒரு ஆணிக்குக் காசு வாங்கிற ஆளெண்டோ என்னை நினைச்சீர்?"

"இல்லை அண்ணை. ஆனா ஐஸ் உடைஞ்சா?"

"உறைபனி."

"ஓம், உறைபனி உடைஞ்சா?"

"இறுகினாப் பிறகுதான் இறங்குவன். நான் என்ன விசரனே? நீர் செய்ய வேண்டியது ஒண்டுதான். ஏரியிலை இறங்க முன்னம் கரைக்குக் கொண்டுவந்து கையிலை தாரும். பிறகு என்ரை பொறுப்பு."

பேனாட் கீழே இறங்கிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து அழுதான். இந்த நாட்டில் தனக்காக யாரும் சும்மா செய்த முதல் காரியம் இது என்று நினைத்தான்.

7

நீங்கள் நம்பவில்லை என்று தெரிகிறது. இரண்டு வளர்ந்த மனிதர்கள் இவ்வளவு நேரம் ஒருவரை ஒருவர் தப்பாக விளங்கிக்கொள்ள முடியுமா?

நானும் நம்பவில்லை. இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டுப் பேனாட்டை உற்றுப் பார்த்தேன். இவன் தப்பாகத்தான் விளங்கிக்கொண்டானா, அல்லது அப்படி விளங்கிக்கொள்ள விரும்பினானா? கராஜில் ஆணி இருந்தது. கண் முன்னால், பெட்டி பெட்டியாக, பளபளவென்று. அருள்நாயகத்தின் கையில் துளை போடும் கருவி இருந்தது. பேனாட் குருடன் அல்ல. ஆனால் அதையெல்லாம் அவன், சோதனைக்கு வருபவர்களுக்குக் காட்ட வைத்திருக்கும் திரை என்று எடுத்துக்கொண்டான். கெட்டிக்கார ஏஜென்சி, ஆணி என்று சொன்னால் ஆணியை வாங்கியும் வைத்திருப்பான்.

இப்படி யோசிப்பவனிடம் உண்மையைக் காட்டிப் பயனில்லை. அவன் அதைத்தான் முதலில் சந்தேகிப்பான்.

அருள்நாயகத்தை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை. அதுதான் என் பிழை.

8

அந்த நாட்களில் அருள்நாயகத்தின் மதிப்பு ஏறியது. கோயிலில் அவருக்கு வழி விட்டார்கள். 'அண்ணை' என்றவர்கள் 'ஐயா' என்றார்கள். பேரவைக் கூட்டத்துக்கு, அதுவரை தமிழின் தூய்மை பற்றி எந்தக் கவலையும் இல்லாதிருந்த இளைஞர்கள் வந்து முன்வரிசையில் இருந்தார்கள். கடன்சொற்களின் தீமை பற்றி அவர் பேசியபோது பேச்சின் இடையிடையே கண்ணைச் சிமிட்டித் தலையாட்டினார்கள். கடைசியில் தமிழினம் விழித்துவிட்டது என்று அருள்நாயகம் நினைத்தார்.

அவருடைய மனைவி இராஜேஸ்வரி மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்தவள். கடையில் நிற்பவர்களுக்கு ஊர்க் கதை தானாக வந்து சேரும். ஒரு நாள் குசினியில் வைத்துச் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, உங்களைச் சனம் ஏஜென்சி எண்டு கதைக்குது, தெரியுமோ?"

"ஆர்?"

"ஆரெண்டில்லை, எல்லாரும். ஆணி எண்டா ஆளாம். ஏரி எண்டா லேக் ஈரியாம். கீழை இருக்கிற பேனாட்டும் தன்ரை மனிசியை நீங்கள் ஐஸாலை கூட்டி வருவியள் எண்டு நம்பிக்கொண்டிருக்குது."

அருள்நாயகம் தேநீரை வைத்தார். கராஜில் நடந்த உரையாடல் முழுவதும், அமெரிக்க ஆணி, கூனல், துரு எல்லாம், ஒவ்வொன்றாக அவருக்குத் திரும்பி வந்திருக்க வேண்டும். முகம் ஒரு நிமிடம் வெளிறியது. இதை அவருக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்கிறேன்.

"போய் 'ஸ்ரட்' எண்டு சொல்லுங்கோ" என்றாள் இராஜேஸ்வரி. "ஸ்நோமொபீலுக்கு ஸ்ரட், சிம்கோவிலை ஓட. போன முறை வழுக்கித் திரும்பினதையும் சொல்லுங்கோ. முடிஞ்சுது."

"அது ஆங்கிலச் சொல்."

"ஐயோ, கடவுளே!"

"நான் ஏன் போய் விளக்கம் குடுக்கோணும்? கதைக்கிறவை கதைக்கட்டும்."

"உங்களுக்கு அது பிடிச்சிருக்கு."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "உமக்கு விளங்காது. முந்தி பேரவைக்குப் பதினைஞ்சு பேர் வந்தாப் பெரிய காரியம். போன கூட்டத்துக்குக் கதிரை காணேல்லை."

கீழே, கூரைத் துவாரத்துக்கு நேர் கீழே, பேனாட் படுத்திருந்தான். இந்த உரையாடல் அவனுக்குக் கேட்டிருந்தால் கதை இங்கே முடிந்துவிடும். றெஜினா பாலத்தால் வருவாள், நீங்களும் போய் வேறு வேலை பார்க்கலாம். அதனால்தான், இராஜேஸ்வரி வாயைத் திறந்த அந்தக் கணத்தில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஓடத் தொடங்கி அதன் இரைச்சலில் பேனாட்டுக்கு ஒன்றும் கேட்காமல் போனது.

ஃபேர்னஸை ஓடவிட்டது யார்? குளிர் என்று சொல்லித் தப்பலாம். வேண்டாம். நான்தான்.

9

அந்த ஞாயிறு றெஜினாவின் குரல் மாறியிருந்தது.

"என்ரை விசாரணை நாளைப் பின்னுக்குப் போட்டுட்டினம்."

"எப்பத்துக்கு?"

"சொல்லேல்லை. அறிவிப்பினமாம்." மூக்கை உறிஞ்சினாள். "சட்டம் மாறப் போகுதெண்டு இஞ்சை கதைக்கினம். பாலத்தைப் பூட்டிப்போடுவாங்களாம். பேனாட்... உங்கடை அந்த ஆணிக்காரன் நம்பிக்கையான ஆளோ?"

"காசு கூட வேண்டாமெண்டவர்."

"காசு வேண்டாமெண்டா எனக்கு இன்னும் பயமாயிருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "சரி. நாளையும் இடத்தையும் கேட்டு எடுங்கோ. நீங்கள் அடுத்த முறை எடுத்துச் சொன்னா, உடுப்பைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடுவன்."

சொல்லைச் சொல்லாகக் கேட்ட ஒரே ஒருத்தியும் எங்கள் பக்கம் வந்துவிட்டாள்.

பேனாட் மேலே ஓடினான். கராஜில் அருள்நாயகம் கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அவளின்ரை நாளைப் பின்னுக்குப் போட்டாங்கள். இனி ஏலாது. அந்த ஆணியை நீங்கள்தான் ஏத்தோணும். எப்ப போறியள்?"

இப்போது அருள்நாயகத்துக்கு எல்லாம் தெரியும். 'அவளின்ரை' என்று பேனாட் வெளிப்படையாகவே சொல்லியும்விட்டான். ஒரு சொல் போதும். தமிழில் கூடப் போதும்: 'சிம்கோ' என்று மட்டும் சொன்னாலே போதும், அது இடப் பெயர்தானே, தூய்மை கெடாது.

அவர் கையில் இருந்த நட்டு நழுவி, சீமெந்தில் உருண்டு, வண்டிக்கு அடியில் போனது. அதைத் தேடுவதுபோலக் குனிந்தார். குனிந்தபடியே சொன்னார்:

"வாற சனிக்கிழமை ஏரிக்குப் போறன். காலமை."

"எந்தப் பக்கம் அண்ணை, கரை?"

"கரை எண்டாக் கரைதான். ஊர்ப் பக்கமா உள்ள கரை."

பேனாட் அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கிறீஸ் பட்டது.

அருள்நாயகம் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் சனிக்கிழமை ஏரிக்குத்தான் போகிறார். யார் எங்கே நிறுத்திக் கேட்டாலும் இதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லலாம். ஓர் அந்நியச் சொல்லும் கலக்காத, இலக்கணப் பிழையில்லாத, தூய தமிழ்.

10

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒன்றையும் நான் நம்பவில்லை.

(அ) சனிக்கிழமை காலை. றெஜினா விடுதியை விட்டு வெளியேறி, ஒரு பையோடு, லேக் ஈரியின் கரையில் நிற்கிறாள். அதே நேரம் வடக்கே, சிம்கோவில், அருள்நாயகம் விசையை அழுத்துகிறார். ஆணிகள் பிடிக்கின்றன. வண்டி இம்மியும் வழுக்காமல், கோடு கிழித்ததுபோலப் போகிறது. ஃபோர்க்லிஃப்ட்காரர்கள் கைதட்டுகிறார்கள், இந்த முறை உண்மையாகவே. றெஜினா இன்னும் நிற்கிறாள்.

என் விமர்சக நண்பருக்கு இது பிடிக்கும். எனக்கு இதை எழுதும்போது கால் குளிர்ந்தது.

(ஆ) அருள்நாயகத்துக்கு மனச்சாட்சி உறுத்துகிறது. வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஈரிக்கே போய், ஐஸைக் கடந்து, றெஜினாவைப் பின்னால் இருத்தி—

(இதைப் பேரவை தன் ஆண்டுமலரில் போடும். நான் போடமாட்டேன். நட்டைத் தேடுவதுபோலக் குனிந்தவர் அவர்.)

(இ) இராஜேஸ்வரி பேஸ்மென்ற்றுக்கு இறங்கி வருகிறாள். "பேனாட், அது ஸ்ரட். சிம்கோவிலை இவர் விளையாடப் போறார். உம்மடை மனிசியை அசைய வேண்டாமெண்டு சொல்லும்" என்கிறாள். இதுதான் மிகச் சரியான முடிவு. ஆனால் இதைச் சொல்லச் சொல்லப் பேனாட்டின் முகத்தைப் பாருங்கள். அவன் மெல்லச் சிரிக்கிறான். "விளங்குது அக்கா. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்கிறான். பிறகு, "இப்ப 'ஸ்ரட்' எண்டே சொல்லுறது?" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறான்.

ஆகவே டொறொன்ரோப் பக்கத்தில் இனி ஒருவராலும் எதுவும் செய்ய முடியாது. பேனாட் றெஜினாவின் விடுதித் தொலைபேசி இலக்கத்தைச் சுழற்றிவிட்டான்.

பஃபலோ விடுதியில் ஒரே ஒரு தொலைபேசி, நடையில், சுவரில். மணி அடித்தால் அந்த நேரம் பக்கத்தில் நிற்பவர் எடுத்துப் பெயரைக் கூப்பிட வேண்டும். இந்த நேரம் அங்கே ஒருவரையும் நான் நிறுத்தவில்லை. உங்களைத் தவிர.

எடுங்கள். "றெஜினா" என்று கூப்பிட்டால், அவள் ஓடி வருவாள், அவன் சனிக்கிழமை என்பான், அவள் உடுப்பைக் கட்டுவாள். தமிழில் "அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை" என்றால், வேறு ஏஜென்சி அவளை ஏற்றிவிட்டது என்று நினைத்து அவன் இன்றைக்கே பஃபலோவுக்கு வெளிக்கிடுவான். உண்மையைத் தமிழில் விளக்கினால் என்ன ஆகும் என்று இராஜேஸ்வரியிடம் கேளுங்கள். தமிழில் அவனுக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் இன்னொரு சொல் கேட்கும். ஆங்கிலத்தைத்தான் அவன் இன்னும் சந்தேகிக்கப் பழகவில்லை. அதில் காது குறைவு, ஆகவே நம்பிக்கை கூட.

நான் ஃபேர்னஸை நிற்பாட்டிவிட்டேன். அவனுக்கு இனி நன்றாகவே கேட்கும். என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.